எண்பத்தைந்துக்குக் கீழே சிவப்பு

1

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் அலுவலகத்தில் ஊவே என்பவர் தன் மேசையில் இருந்த கணினித் திரையைக் கையால் குத்தினார். முதல் குத்தில் திரை பின்னால் சாய்ந்தது. அதை நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் குத்தினார். கண்ணாடி விரிசல் விட்டு, விரல் முட்டியெல்லாம் ரத்தம். பிறகு ஒயரோடு பிடுங்கி வீசினார். என் தோளுக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் மோதி விழுந்தது.

அறையில் யாரும் கத்தவில்லை. இந்த ஊர்க்காரர்கள் பயந்தால் சத்தம் போடுவதில்லை, இருக்கிற சத்தத்தையும் நிறுத்திக்கொள்கிறார்கள். எங்கள் குழுத் தலைவி பிரிட்டா காப்பிக் கோப்பையோடு அப்படியே நின்றாள். ஊவே நாற்காலியில் உட்கார்ந்து, ரத்தம் சொட்டும் கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, எல்லோரையும் பார்த்து "மன்னிக்கவும்" என்றார்.

இது ஹனோவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். லாரி உதிரி பாகங்களை அனுப்பிவைக்கும் கம்பெனி. இங்கே என் வேலை கணக்கும் வரைபடமும். செவ்வாய்தோறும் ஒரு படம் எல்லோருடைய திரைக்கும் போகும். ஆளுக்கு ஒரு பட்டை, பட்டையின் தலையில் ஓர் எண். வைத்த இலக்கில் எத்தனை சதவீதம் முடித்தார் என்பது அந்த எண். தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் எண் தானாகச் சிவப்பாகிவிடும். எல்லையைச் சொன்னவள் பிரிட்டா. நிறம் மாற ஏற்பாடு செய்தவள் நான். ஊவேக்கு ஐம்பத்தெட்டு வயது. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அவர் எண் சிவப்பிலிருந்து மீளவே இல்லை.

மற்றவர்கள் இன்னும் நம்ப முடியாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவு அமைதியான மனிதர், ஒரு எண்ணுக்காகவா என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு எண் சிவந்ததற்காக ஓர் ஆளின் மண்டை உடைந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பல்லாவரத்தில்.

2

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா, சர்ச்சில் மூப்பர். நான் பி.காம். முடித்து, தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் கம்ப்யூட்டர் படித்து, பல்லாவரத்திலிருந்து பம்மல் போகும் வழியில் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். முழு ஷூ அங்கே செய்வதில்லை. தோலை வெட்டி, ஓரம் மடித்து, தைத்து, மேல்பாகத்தை மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். ஆறு லைன். லைனுக்கு இருபது பெண்களுக்கு மேல். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் கூரையைத் தொடுவதுபோலப் போகும். அந்தச் சத்தத்தில் சூப்பர்வைசர் திட்டுவது கேட்காது. பெண்கள் அவன் வாயசைவை மட்டும் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

மேனேஜர் ஒரு வெளிநாட்டுப் பயணம் போய்வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"எஸ்தர், ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பார். பார் தலையில நம்பர். டார்கெட்ல எத்தனை பர்சென்ட்னு. எழுபத்தஞ்சுக்குக் கீழ போனா அந்த நம்பர் மட்டும் ரெட்டா வரணும். மத்ததெல்லாம் ப்ளூ. தானா வரணும்மா. நீ உக்காந்து ஒண்ணொண்ணா கலர் மாத்தக் கூடாது."

"பாரையே ரெட்டாக்கிடலாமே சார்?"

"வேணாம். சரக்கு வாங்குற பையர் வந்து பார்த்தா பார் எல்லாம் ஒரே கலர்ல அழகா இருக்கணும். நம்பர் நம்ம ஆளுங்களுக்கு."

எனக்குச் சொல்லித்தர யாருமில்லை. மெனுவை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில், எண்ணின் வடிவத்தை எழுதும் சின்னப் பெட்டிக்குள்ளேயே, சதுர அடைப்புக்குறி போட்டு நிறத்தின் பெயரையும் நிபந்தனையையும் எழுதலாம் என்று கண்டுபிடித்தேன். ஒரே வரி. என்டர் தட்டியதும் மூன்றாம் லைனின் தலையில் இருந்த எழுபத்திரண்டு கண்ணெதிரே சிவந்தது. நான் கைதட்டிக்கொண்டேன். பக்கத்து அறை அக்கவுண்டன்ட் எட்டிப் பார்த்தார்.

மறுநாள் காலை, அட்டை பஞ்ச் பண்ணும் இடத்துக்குப் பக்கத்தில் அந்தக் கலர் பிரிண்ட் ஒட்டப்பட்டது. படிக்கத் தெரியாத பெண்களும் அதைப் படித்தார்கள். பட்டையின் உயரத்தை யாரும் பார்க்கவில்லை. ஆறு எண்களில் ஒன்று மட்டும் புண்போலத் தெரிந்தது. மேனேஜர் வந்தார். மூன்றாம் லைன் சூப்பர்வைசர் மூர்த்தியைக் கூப்பிட்டார். எல்லோரும் வரிசையில் நிற்கும்போதே கன்னத்தில் அறைந்தார்.

மூர்த்திக்கு முப்பது வயது இருக்கும். கட்டிங்கில் தொழிலாளியாகச் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனவன். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. கன்னத்தைத் தடவக்கூட இல்லை. நேராக உள்ளே போனான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு பெண்ணின் முதுகில் தோல் வாரால் விளாசினான். அந்த வாரம் முடிவதற்குள் தோல் வார் அவன் கையோடு ஒட்டிக்கொண்டது. நம்பர் ஏறியது. மேனேஜர் என்னிடம், "பார்த்தியாம்மா, உன் சார்ட் வேலை செய்யுது" என்றார்.

அந்த லைனில் மடிப்பு மேசையில் கஸ்தூரி அக்கா இருந்தாள். பம்மல்காரி. புருஷன் விட்டுப்போய் இரண்டு பிள்ளைகளோடு இருந்தவள். தோலின் ஓரத்துக்குப் பசை தடவி, மடித்து, சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி ஒட்ட வைப்பது அவள் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை சுத்தியல்தான். வலது கை ஆம்பிளைக் கைபோல உருண்டிருக்கும். ஒருமுறை பஸ்ஸில் இடுப்பைத் தொட்டவனைப் பற்றி என்னிடம் சொன்னாள்: "ஒரே குத்து. பல்லு கையோட வந்துட்சு. டிரைவரு பஸ்ஸக்கூட நிறுத்தல." மூர்த்தி அவளை மட்டும் அடித்ததில்லை.

3

ஊவே திரையை உடைத்த மறுநாள் பணியாளர் துறையிலிருந்து ஓர் அம்மாள் வந்து எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஏழு பக்கப் படிவம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. இந்த நாட்டில் வீடு தீப்பிடித்தாலும் முதலில் படிவம்தான் வரும் என்று என் கணவர் சொல்வார்.

"என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டார்.

ஜெர்மனில் கணினித் திரைக்கு பில்ட்ஷிர்ம். பதற்றத்தில் சொல்லின் முதல் பாதி என் வாயில் வரவில்லை. வெறும் ஷிர்ம் என்றேன். அது குடை. "ஊவே குடையைக் குத்தினார், பிறகு குடையைச் சுவரில் எறிந்தார்" என்று விளக்கமாகச் சொல்லி முடித்தேன். அம்மாள் பேனாவை வைத்துவிட்டு, "எந்தக் குடை?" என்றார். இருபது வருடத்துக்கு மேல் இங்கே இருந்தும், கொஞ்சம் பதறினால் போதும், மொழி என்னைத் தெருவில் விட்டுவிட்டுப் போய்விடுகிறது.

பிறகு உண்மையான கேள்வி வந்தது. "உங்களைக் குறிவைத்து எறிந்தாரா?"

எனக்குப் புரிந்தது. பொருளை உடைத்தால் ஒரு நடவடிக்கை. ஆளைத் தாக்கினால் முப்பது வருடம் வேலை பார்த்தவரையும் அன்றே வெளியே அனுப்பலாம். பிரிட்டா முன்தினமே என்னிடம் மெதுவாக, "உன் பக்கம்தானே வந்தது, எஸ்தர்? நீ பயந்திருப்பாய்" என்று சொல்லிவைத்திருந்தாள்.

"இல்லை. சுவரைப் பார்த்து எறிந்தார். அவர் அப்போது யாரையும் பார்க்கவில்லை" என்றேன்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது இதை வீட்டில் சொன்னேன். என் மகன் ஜோயலுக்குப் பதினேழு வயது. நான் தமிழில் பேசினால் ஜெர்மனில் பதில் சொல்வான். குடைக்கு விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, "அவர் மனதில் என்ன இருந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டான்.

"ஒருத்தரைக் குறிவைத்து அடிக்கிற ஆளோட கண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டா."

அவன் ஃபோர்க்கைக் கீழே வைத்தான். இதுவரை அவனிடம் சொல்லாததை அன்றுதான் சொன்னேன்.

4

மழைக்காலத்தில் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. மேனேஜர் என் அறைக்கு வந்து, "லிமிட்டை எண்பத்தஞ்சாக்கு" என்றார். அந்த ஒரு வரியில் ஒரு எண்ணை அழித்து இன்னொன்றைப் போட்டால் போதும். மறுநாள் ஆறு லைனில் நான்கு சிவப்பு.

சாப்பாட்டு நேரத்தில் கஸ்தூரி அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் அறைக்குள் வந்தாள். அங்கே செருப்போடு யாரும் வருவதில்லை.

"இன்னா எஸ்தரு, போன வாரம் எங்க லைனு எழுவத்தெட்டு. நீலமா இருந்துச்சு. இன்னிக்கு எம்பத்தொண்ணு. ஏறிக்கினுதானே கீது? அப்புறம் ஏன் செவப்பு? உன் மெசினு தண்ணி போட்டுக்கினு வந்துதா?"

"லிமிட்ட ஏத்திட்டாங்கக்கா. இனிமே எண்பத்தஞ்சுக்குக் கீழ எல்லாம் சிவப்பு."

"யாரு ஏத்தனது?"

"மேனேஜர் சார்."

"அப்போ அந்தாளாண்ட போய்ச் சொல்லு. இந்த மூர்த்தி காலைலேர்ந்து மூணு பொண்ணுங்கள அடிச்சிக்கீறான். ஒருத்தி காதுல ரத்தம் வருது."

போய்ச் சொன்னேன். மேனேஜர் தலையைத் தூக்காமல், "ரெட்டைப் பார்த்தாத்தான்மா இதுங்க வேலை செய்யுது" என்றார்.

அதற்கு மறுநாள்தான் அது நடந்தது. காலையில் மூர்த்திக்கு மறுபடியும் அறை விழுந்தது. இந்த முறை உதட்டோரம் கிழிந்துவிட்டது. அவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு லைனுக்குள் போனான். நான் அன்றைய பிரிண்டை ஒட்டுவதற்காக வாசலில் நின்றிருந்தேன். சுமதி என்று ஒரு பெண், பொழிச்சலூர், பதினெட்டு வயது. மூர்த்தி அவளுக்குப் பின்னால் போய், பிடரியைப் பிடித்துத் தையல் மெஷின்மேல் முகத்தை அழுத்தினான்.

"கண்ணு தெரியுதாடி? தெரியுதா? தைடி வேகமா!"

அவள் கால் பெடலை மிதித்துவிட்டது. ஊசி அவளுடைய ஆள்காட்டி விரல் நகத்தில் இறங்கி, மறுபக்கம் வந்து, உடைந்து உள்ளேயே நின்றது. அவள் போட்ட கூச்சலில் எல்லா மெஷினும் நின்றுவிட்டன. அப்போதும் அவன் பிடரியை விடவில்லை.

கஸ்தூரி அக்கா எழுந்தாள். சுத்தியல் கையிலேயே இருந்தது. முதல் அடி தோளில். அவன் திரும்பினான். இரண்டாவது அடி காதில். மூர்த்தி இரண்டு மெஷின்களுக்கு நடுவில் விழுந்தான். பிறகு லைன் மொத்தமும் அவன்மேல் பாய்ந்தது. செருப்பு, கத்திரிக்கோல் பிடி, டிபன் கேரியர். என்னோடு தினமும் சாப்பிடுகிற பெண்கள். அந்த முகங்களில் கோபம்கூட இல்லை. வேலை செய்யும்போது எவ்வளவு கவனமாக இருப்பார்களோ அப்படி அடித்தார்கள். அவன் "அம்மா, அம்மா" என்று கத்தினான். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமும் வாய்க்குள் நிறைந்த ரத்தத்தில் குழறியது. கஸ்தூரி அக்கா அவன் மார்பில் முழங்காலை ஊன்றி, நெற்றியைப் பார்த்துச் சுத்தியலை ஓங்கினாள்.

நான் ஓடினேன். அவன் உயிரைக் காப்பாற்ற ஓடினேன் என்று சொல்ல மாட்டேன். இவளைத் தூக்கில் போட்டுவிடுவார்களே என்றுதான் நினைத்தேன். என் இடது கையை நடுவில் நீட்டினேன். மணிக்கட்டு எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிவதுபோல.

கஸ்தூரி அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். யார் இது என்று அவளுக்கு உடனே தெரியவில்லை. தெரிந்ததும் சுத்தியல் கையிலிருந்து விழுந்தது.

5

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு முடிப்பதற்குள் மேனேஜர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிட்டார். மூர்த்தி பிழைத்துக்கொள்வான், ஒரு காது போய்விட்டது, கஸ்தூரியைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதோ பாரும்மா. மூர்த்தி கேஸ் மட்டும்னா, அந்தப் பொண்ணைக் காப்பாத்தத்தான் அடிச்சேன்னு சொல்லி அவ வெளிய வந்துடுவா. நீ ஸ்டாஃப். உன் மேல என்ன கோபம் அவளுக்கு? உன்னையும் கொல்ல வந்தாள்னு ஒரு வார்த்தை சொல்லு. அவ வருஷக்கணக்கா உள்ள இருப்பா. மத்ததுங்க வாலை ஆட்டாது."

அவர் போனதும் அப்பா கதவைச் சாத்தினார்.

"நடந்ததைச் சொல்லும்மா. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

"நான் கூட்டலைன்னாலும் அவங்க கூட்டிப்பாங்கப்பா."

"அது அவங்க பாவம். பொய் உன் பாவம்."

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எஸ்.ஐ. கேட்டார்: "கை எப்படிம்மா ஒடஞ்சது?"

"விழுந்துட்டேன் சார்."

"எங்க?"

"படிக்கட்டுல."

"அது ஒத்தைத் தளக் கட்டடம். படிக்கட்டே கிடையாதேம்மா."

"கம்ப்யூட்டர் ரூம் வாசல்ல மூணு படி இருக்கு சார். சத்தம் கேட்டு ஓடி வந்தேன். தடுக்கி விழுந்துட்டேன்."

அவர் அப்பாவைப் பார்த்தார். "என்ன சார், உங்க பொண்ணு சொல்றது நிஜமா?"

அப்பா என் மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு, "நான் அங்க இல்லை சார். எனக்குத் தெரியாது" என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

மூன்றாம் லைன் பெண்கள் எல்லோரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர்கள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். இரண்டு ஆட்டோக்களில் சைக்கிள் செயினோடு ஆட்கள் வந்தார்கள். பல்லாவரம் ஸ்டேஷன் வரை துரத்தித் துரத்தி அடித்தார்கள். சுமதியின் கட்டுப்போட்ட விரலைத் தேடிப் பிடித்து முறுக்கினார்களாம். அதை எனக்குச் சொன்ன பெண்ணுக்கு நெற்றியில் ஏழு தையல். போலீஸ் வந்து அந்தப் பெண்களைத்தான் வேனில் ஏற்றியது.

அடுத்தது எங்கள் வீடு. சாயங்கால ஜெபத்தில் இருந்தோம். ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்த கல் அப்பாவின் புருவத்தைக் கிழித்தது. அம்மா அலறினாள். வாசலில் ஒருவன், "மூணு படியில விழுந்தவளே, வெளிய வாடி!" என்று கத்திவிட்டு சைக்கிளில் போனான். அப்பா கண்ணை மூடிய நிலையிலேயே, ரத்தம் சட்டையில் வழிய வழிய, ஜெபத்தை முடித்து ஆமென் சொன்னார். பிறகு துடைப்பம் எடுத்துக் கண்ணாடியைக் கூட்டினார்.

மறுநாள் அவர் ஆபீசுக்குப் போகவில்லை. புருவத்தில் பிளாஸ்திரியோடு செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போனார். கஸ்தூரி அக்காவுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஆளில்லாமல் அவளுடைய அம்மா வாசலில் உட்கார்ந்திருந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவர் வேண்டும். அப்பா போட்டார்.

இரவு என்னிடம் வந்தார். "நீ சொன்னது பொய்தான். அதுல நான் மாறலை. ஆனா அந்தப் பொம்பளை வெளிய வரணும்" என்றார்.

அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

6

ஜோயல் இதையெல்லாம் கேட்டுவிட்டு, தாத்தாவின் பக்கம் நின்றான். போலீசிடம் பொய் சொல்வது குற்றம் என்றான். நீ உண்மையைச் சொல்லியிருந்தால் நீதிபதி புரிந்துகொண்டிருப்பார் என்றான். நீதிபதி புரிந்துகொள்வார் என்கிற நம்பிக்கையோடு வளர்ந்த பிள்ளை. அந்த நம்பிக்கையைக் கொடுக்கத்தானே இங்கே வந்தோம் என்று ஒரு பக்கம் சந்தோஷம். இவனுக்கும் எனக்கும் நடுவில் எவ்வளவு கடல் என்று இன்னொரு பக்கம் பயம்.

ஊவேயை அன்றே வெளியே அனுப்ப முடியவில்லை. அதற்குப் பதிலாகக் கூட்டங்கள் நடந்தன. மூடிய கண்ணாடி அறையில் பிரிட்டாவும் அந்தப் பணியாளர் துறை அம்மாளும் அவரை எதிரில் உட்காரவைத்துப் படத்தைக் காட்டினார்கள். குரல் உயரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். ஊவே தண்ணீரைக் குடித்தார், தலையாட்டினார், தலையாட்டினார். வெள்ளிக்கிழமை அவராகவே விலகுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கட்டுப்போட்ட கையால் எங்கள் எல்லோருக்கும் கைகொடுத்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கார் நிறுத்துமிடத்தில், தன் காரின் கதவைத் திறக்காமல், அந்தக் கட்டுப்போட்ட கையாலேயே கூரையை அடித்துக்கொண்டிருந்தார். கட்டு சிவந்து நனைகிற வரைக்கும் அடித்தார். பிரிட்டா எழுந்து வந்து ஜன்னல் திரையை இறக்கினாள்.

அன்று வீட்டுக்கு வந்து ஜோயலிடம் இதைச் சொன்னேன். பாத்திரம் கழுவ உதவிக்கு வந்து நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, தமிழில் கேட்டான்: "அந்த கஸ்தூரி ஆன்ட்டி அப்றம் என்ன ஆச்சு?"

சொன்னேன். கேஸ் இழுத்துக்கொண்டே போய், கடைசியில் சமாதானமாகப் போனார்கள். அவளுக்கு அங்கே வேலை போனது, வேறு எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் தள்ளுவண்டியில் இட்லி போட்டாள். எனக்குக் கல்யாணமாகி ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அவளைப் பார்க்கப் போனேன். தீபாவளி நேரம். தெற்கே போகிற பஸ்களுக்கு ஜனம் முட்டி மோதிக்கொண்டிருந்தது. ஒருவன் வண்டியை இடித்துச் சட்னியைக் கவிழ்த்தான். அவள் கரண்டியை ஓங்கினாள், என்னைப் பார்த்ததும் இறக்கினாள்.

என் இடது கையைப் பிடித்து, எலும்பு கூடிய இடத்தை அழுத்திப் பார்த்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"நீ நடுவுல வரலேன்னா அவன் செத்திருப்பான். எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னிக்கு அவன் சாவணும்னுதான் எனக்கு இருந்துச்சு. இன்னிக்கும் அப்பிடித்தான் கீது."

"தெரியும்க்கா."

"நீ போற ஊர்ல கம்பெனிங்கள்ல அடிப்பாங்களா?"

"இல்லக்கா. அங்கல்லாம் மேல கை வெச்சா போலீஸ் வந்துடும்."

அவள் கவிழ்ந்த சட்னியைத் துடைத்தாள். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள்.

"அடிக்காம எப்டிமே வேலை வாங்குவானுங்க?"

எனக்குத் தெரியாது என்று அன்று சொன்னேன்.

ஜோயல் கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

"இப்போ தெரியுமா, அம்மா?"

தெரியும் என்றேன்.